கான்கிரீட் வீடு: அனுமதியும் காலியிடமும்

நம் கிராமங்களில் ஓலைக் கூரைகளும் ஓட்டு வீடுகளும் குறைந்து கான்கிரீட் வீடுகள் பெருகி வருவதை யாவரும் கண்கூடாகக் காண்கிறோம். இது மகிழத்தக்க மாறுதலேயாகும். ஆனால் வீடு கட்டும் பொருள் மாறிய அளவுக்கு, வீடு கட்டத் தொடங்கும் முறையில் நமது வழக்கம் மாறவில்லை. கூரை வீட்டுக் காலத்தில் கால்நடையாக அளந்து, கண்மட்டத்தில் கோடு பிடித்து வேலையைத் தொடங்கினோம். அதில் பிழை நேர்ந்தால் மூங்கில் காலைப் பிடுங்கி இரண்டடி தள்ளி நடுவதற்கு ஒரு பகல் போதும். கான்கிரீட் தூணை அவ்வாறு தள்ளி வைக்க எவராலும் இயலாது. அதை இடிக்கத்தான் முடியும்.

ஆகவே இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றுதான். அனுமதி பெறுவதும், மனையைச் சுற்றிக் காலியிடம் விடுவதும், எல்லையை அளப்பதும் வாணம் தோண்டுவதற்கு முன் முடியவேண்டிய வேலைகள். அன்று ஒரு முளைக்குச்சியை மாற்றி அடிப்பதோடு தீரும் பிழை, கட்டடம் எழுந்தபின் குடும்பத்தின் சேமிப்பையும் தெருவின் ஒற்றுமையையும் சேர்த்தே விழுங்கிவிடும்.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

நமது வட்டாரத்தில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு தெருவின் அகலம் பதிவேட்டின்படி 10 அடி. அத்தெருவில் ஒருவர் கான்கிரீட் வீடு கட்டும்போது மாடிப்படியை மூன்றடி தெருவில் இறக்கிவிட்டார். அதைக் கண்ட எதிர்வீட்டுக்காரர் தமது திண்ணையை இரண்டடி நீட்டிக்கொண்டார். பத்தடித் தெரு ஐந்தடிச் சந்தாயிற்று. சில ஆண்டுகள் எவரும் குறை சொல்லவில்லை. மாட்டுவண்டி மட்டும் வேறு வழியாகச் சுற்றிப் போயிற்று.

ஒரு மழைக்கால இரவில் அத்தெருவின் கடைசி வீட்டுப் பெரியவருக்கு மார்வலி கண்டது. அழைத்த 108 ஆம்புலன்ஸ் வண்டி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. அவரைக் கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். அந்த மாடிப்படிக்கு அருகில் கட்டில் திரும்ப மறுத்தது. அவரை இறக்கிக் கைத்தாங்கலாக மழையில் நடத்தியே வண்டிக்குக் கொண்டு சென்றார்கள். பெரியவர் பிழைத்துவிட்டார். எனினும் அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்தில் அத்தெருவார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

முடிவில் படியையும் திண்ணையையும் இடிக்க நேர்ந்தது. படிக்கு உரியவர் வீட்டுவரி ரசீதுகளை எடுத்துக் காட்டினார். வீட்டுவரி ரசீது இருந்தது. கட்டட அனுமதி இல்லை. பிறகு அவர் நம்மைப் பார்த்து, "ஐயா, வாணம் தோண்டியபோது நீங்கள் எல்லோரும் இவ்வழியாகத்தானே போனீர்கள்? அன்று ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!" என்று கேட்டார். அவருக்குச் சொல்ல நம்மிடம் விடை இல்லை. பஞ்சாயத்தாரும் சொல்லவில்லை, நமது அலுவலகத்தாரும் சொல்லவில்லை. இக்கட்டுரை எழுதப்படுவதற்கு அக்கேள்வியே காரணம்.

சட்டம் கூறுவது

கிராமப் பஞ்சாயத்தின் எல்லைக்குள் வீடு கட்டுவதற்கு முன்னனுமதி தேவை. 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும், 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டமும் இதற்கு அடிப்படை. கிராமப் பஞ்சாயத்துகளுக்கென 1997இல் தனிக் கட்டட விதிகள் செய்யப்பட்டன. 2019ஆம் ஆண்டில் மாநகராட்சி முதல் கிராமப் பஞ்சாயத்து வரை எல்லா உள்ளாட்சிகளுக்கும் பொதுவாகத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வெளியாயின. "நகரத்துச் சட்டம் நமக்கு எதற்கு?" என்று கேட்பதற்கு இனி இடமில்லை.

சிறு வீடு கட்டுவோருக்கு அரசு 2024ஆம் ஆண்டு ஜூலை 22 அன்று ஒரு சலுகையைத் தொடங்கியது. 2,500 சதுர அடிக்கு, அதாவது ஏறத்தாழ ஐந்தே முக்கால் சென்டுக்கு மேற்படாத மனையில், 3,500 சதுர அடிக்கு மேற்படாமல், தரைத்தளமோ தரைத்தளத்துடன் ஒரு மாடியோ கட்டுவோர், சுயசான்று அளித்து இணையவழியே உடனடியாக அனுமதி பெறலாம். கிராமத்தில் கட்டப்படும் வீடுகளில் பெரும்பாலானவை இவ்வளவுக்குள் அடங்கும்.

இச்சலுகையைப் பலர் தவறாகப் பொருள்கொள்கின்றனர். சுயசான்று என்பது விதியிலிருந்து விடுதலை அன்று. முன்பு அலுவலர் வந்து பார்த்துச் சொன்னதை இப்போது உரிமையாளர் தாமே உறுதி கூறுகிறார். கூறியது பொய்யானால் பொறுப்பும் அவருடையதே, அனுமதியும் நிலைக்காது. எனவே அளவில் முன்னிலும் கூடுதலான கவனம் வேண்டும்.

முதலில் மனையை அறிக

வரைபடம் போடுவதற்கு முன் மனையைப் பற்றி நான்கு செய்திகளைத் தெரிந்துகொள்ளல் அவசியம்.

1. பட்டா யார் பெயரில் உள்ளது? தந்தை பெயரிலோ பாட்டனார் பெயரிலோ பட்டா இருந்து, மகன் வீடு கட்டுவது பெருவழக்கு. பங்காளிகள் இன்று ஒத்துப்போகலாம். நாளை என்னாகும் என்பதை எவரும் அறியார். பாகப் பிரிவினையையும் பட்டா மாறுதலையும் முதலில் முடித்துக்கொள்க.

2. புலப்படத்தின்படி எல்லை எங்கே? வேலியும் பழைய மண்சுவரும் எல்லையைக் காட்டும் சான்றுகள் அல்ல. நில அளவரைக் கொண்டு அளவுக்கல்லைக் கண்டுபிடித்து, அண்டை மனைக்காரர் முன்னிலையில் அளப்பதே நேர்மையான முறை.

3. நிலம் எவ்வகை? நத்தமா, புஞ்சையா, நஞ்சையா, புறம்போக்கா என்பதை 'அ' பதிவேட்டில் காணலாம். விளைநிலத்தை மனையாக்க முன் ஒப்புதல் வேண்டும். ஏரி, ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதைப் புறம்போக்கில் கட்டியதற்கு வரி கட்டினாலும் உரிமை பிறக்காது. 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டமும், ஏரிகளைக் காக்கும் 2007ஆம் ஆண்டுச் சட்டமும் அங்கே குறுக்கே நிற்கும்.

4. மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா? வயலைக் கூறுபோட்டுக் கல் நட்டு விற்ற மனைகள் பல. 2016ஆம் ஆண்டு அக்டோபர் 20க்கு முன் விற்கப்பட்ட அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் செய்யப்பட்டன. விலை மலிவு என்று வாங்கிவிட்டு, அனுமதிக்கு வரும்போது திகைத்து நிற்போரை நாம் அடிக்கடி காண்கிறோம்.

காலியிடம் எதற்காக?

கட்டடத்துக்கும் மனை எல்லைக்கும் நடுவே விடவேண்டிய வெற்றிடத்தைக் கொத்தனார்கள் 'செட்பேக்' என்பார்கள். முன்புறம் விடவேண்டிய அளவு, வீட்டை ஒட்டிய சாலையின் அகலத்தைப் பொறுத்தது; சாலை அகன்றதானால் காலியிடமும் கூடும். பக்கவாட்டில் விடவேண்டியது மனையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்தது. அளவு தெருவுக்குத் தெரு, மனைக்கு மனை மாறும். ஆகையால் அடுத்த வீட்டைப் பார்த்து அளவெடுத்தல் கூடாது.

"காசு கொடுத்து வாங்கிய மண்ணை ஏன் சும்மா விடவேண்டும்?" என்ற கேள்வி எழுவது இயல்பே. அந்த மண் சும்மா கிடப்பதில்லை. அது செய்யும் வேலைகளைப் பார்ப்போம்.

முதலாவது மழைநீர். 600 சதுர அடிக் கான்கிரீட் தளத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 2,800 லிட்டர் நீர் சேரும். ஓலைக் கூரையில் அது இறவாரம் முழுவதும் பரவிச் சொட்டும். கான்கிரீட் தளத்திலோ இரண்டொரு குழாய்களின் வழியே அருவியாகக் கொட்டும். வீட்டைச் சுற்றி இடமில்லாவிட்டால் அந்நீர் அண்டை வீட்டுச் சுவரில்தான் விழும். இடமிருந்தால், 2003ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ள மழைநீர் சேகரிப்புக் குழியில் இறங்கி, நம் கிணற்றுக்கே திரும்பும்.

இரண்டாவது, கட்டடத்தின் ஆயுள். எல்லையை ஒட்டி எழுப்பிய சுவரின் வெளிப்புறத்தில் சாரம் கட்டவும் பூசவும் நீர் ஊற்றவும் வழியில்லை. தூணில் கம்பிக்கு வெளியே 40 மில்லிமீட்டர், தளத்தில் 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். குறைந்தது 7 நாளாவது கான்கிரீட்டை ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதன் விதியே. அண்டைச் சுவரோடு ஒட்டிய தூணில் பலகையைச் சரியாக அடைக்கவும் முடியாது. பின்னர் பழுது பார்க்கவும் முடியாது. பூசாத பக்கத்தில் மழைநீர் ஊறிக் கம்பி துருப்பிடிக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது தென்படாது.

மூன்றாவது, கிணறும் கழிவுநீரும். கழிவறைத் தொட்டியின் உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டர், அதாவது ஏறத்தாழ 60 அடி இருக்கவேண்டும் என்கிறது தர நிர்ணயம். நம்முடைய கிணற்றை மட்டும் பார்த்தல் போதாது. அண்டை வீட்டுக் கிணற்றையும் பார்க்க வேண்டும். எனவே வரைபடத்தில் அறைகளைக் குறிப்பதற்கு முன் கிணற்றையும் குழியையும் குறித்துவிடுக.

வெளிச்சம், காற்று, தீ விபத்து நேர்ந்தால் ஏணி வைக்க இடம், பிணியாளரைத் தூக்கிச் செல்ல வழி ஆகியவற்றைத் தனித்தனியே விரிக்கத் தேவையில்லை. முற்கூறிய பெரியவரின் கட்டிலே போதிய விளக்கம்.

ஒரு கணக்கு

கணக்குக்காக 30 அடி அகலமும் 40 அடி நீளமும் உள்ள மனை ஒன்றைக் கொள்வோம். பரப்பு 1,200 சதுர அடி. ஏறக்குறைய இரண்டே முக்கால் சென்டு. முன்புறம் 5 அடி, பின்புறம் 3 அடி, இருபக்கமும் மூன்றரை அடி விடுவதாக வைத்துக்கொள்வோம். (உங்கள் மனைக்குரிய அளவை விதிகளில் உள்ள அட்டவணைப்படி பொறியாளரிடம் கேட்டறிக.)

கட்டடத்தின் அகலம்: 30 கழித்தல் 7, ஆக 23 அடி.
கட்டடத்தின் நீளம்: 40 கழித்தல் 8, ஆக 32 அடி.
தரைத்தளப் பரப்பு: 736 சதுர அடி.
காலியிடம்: 464 சதுர அடி.

736 சதுர அடியில் கூடம், இரண்டு அறை, சமையலறை, குளியலறை யாவும் தாராளமாக அமையும். மகன் தலையெடுத்தபின் மாடி எடுத்தால் மொத்தம் 1,472 சதுர அடி ஆகும்.

சிறிய மனை உடையவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் கட்டப்படும் வீடு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளம். இரண்டு சென்டு மனை என்பது 871 சதுர அடி. வீடு போக 511 சதுர அடி எஞ்சும். வீட்டை மனையின் எந்தப் பகுதியில் நிறுத்துகிறோம் என்பதில்தான் சூட்சுமம் உள்ளது. ஒரு மூலையில் ஒட்டிக் கட்டிவிட்டால் எஞ்சிய இடம் இருந்தும் பயனில்லை.

சன்ஷேடு, மாடிப்படி, திண்ணை ஆகியவற்றையும் அளவில் சேர்த்தே பார்க்க வேண்டும். சுவரை உள்ளே நிறுத்திவிட்டு, படியைத் தெருவில் இறக்குவது பலரும் செய்யும் பிழை. தெரு பொதுச் சொத்து. அதன் தரையில் மட்டுமன்றி அதன்மேல் உள்ள வெளியிலும் நமக்கு உரிமை இல்லை.

மேலே செல்லும் மின்கம்பி

தரையை அளப்பவர்கள் தலைக்கு மேலே பார்க்க மறந்துவிடுகிறார்கள். மின்சாரப் பாதுகாப்பு விதிகளின்படி, வீடுகளுக்குச் செல்லும் தாழ்வழுத்தக் கம்பிக்கும் கட்டடத்துக்கும் இடையே பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேல்நோக்கி 2.5 மீட்டர் இடைவெளி வேண்டும். 11,000 வோல்ட் கம்பியானால் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேல்நோக்கி 3.7 மீட்டர் வேண்டும். அடியில் சொன்னால் 1.2 மீட்டர் நான்கடி, 2.5 மீட்டர் எட்டேகால் அடி, 3.7 மீட்டர் பன்னிரண்டடி எனக் கொள்ளலாம்.

தரைத்தளத்துக்கு எட்டாத கம்பி, மாடி எடுக்கும்போது கைக்கு எட்டும். தளத்துக்கு நீளக் கம்பியை நிமிர்த்தித் தூக்கும் ஆளின் உயிர் அந்த ஒரு கணத்தில் போய்விடும். கம்பியை மாற்றியமைக்க வேண்டுமானால் மின்வாரியத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டு, மாற்றியபின்னரே வேலையைத் தொடங்குக.

விண்ணப்பிக்கும் முறை

இப்போது விண்ணப்பம் ஒற்றைச் சாளர இணையதளத்தின் வழியே செய்யப்படுகிறது. தாமே செய்ய இயலாதவர்கள் இ-சேவை மையத்தையோ, பதிவுபெற்ற பொறியாளரையோ நாடலாம். கிரயப் பத்திரம், பட்டா, புலப்பட நகல், மனையின் புகைப்படம், கட்டட வரைபடம் ஆகியவற்றை ஆயத்தமாக வைத்துக்கொள்க. மேற்சொன்ன அளவுக்கு மேற்பட்ட வீடுகளுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் முறை வேறு. பெரியவற்றுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் மாவட்ட அலுவலகத்தின் ஒப்புதலும் தேவைப்படும்.

கட்டணத்தைச் செலுத்தி ரசீது பெறுக. ரசீது இல்லாத பணம் எவர் கேட்டாலும் கொடுக்கற்க. அனுமதி ஆணையையும் ஒப்பிய வரைபடத்தையும் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துக. வங்கியில் வீட்டுக் கடன் கேட்கும் நாளிலும், வீட்டை விற்கும் நாளிலும், பிள்ளைகள் பாகம் பிரிக்கும் நாளிலும் அவை பேசும்.

வேலை தொடங்கும் நாளில் வரைபடத்தின் நகல் ஒன்று கொத்தனார் கையிலும் இருக்கட்டும். நல்ல நேரம் பார்த்து மனை பூசை போடுகிறோம். அதே நாளில் நாடாவைப் பிடித்து நான்கு பக்கமும் அளந்து, மூலைக்கு மூலை குறுக்களவும் பார்த்து, அண்டை வீட்டார் ஒருவரையும் உடன் நிறுத்தி முளை அடித்தல் பூசைக்குக் குறைவான மங்கலம் அன்று.

பஞ்சாயத்து உறுப்பினர்களின் கடமை

விதி எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் அது ஊருக்குள் நடந்து வருவது உறுப்பினர்களின் கால்களால்தான். நாம் வேண்டிக்கொள்வன இவை:

1. உங்கள் வார்டில் உள்ள ஒவ்வொரு தெருவின் பதிவேட்டு அகலத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்க. அதை எழுதிப் பஞ்சாயத்து அலுவலகத்தில் யாவரும் காண வைக்கலாம். தெருவின் அகலம் ஊரறிந்த செய்தியானால் பாதி வழக்கு எழாது.

2. மணலும் ஜல்லியும் வந்து இறங்கும் நாளே நீங்கள் போய் விசாரிக்கும் நாள். அனுமதி உண்டா, அளவு பார்த்தாயிற்றா என்று அன்புடன் கேளுங்கள். அன்று கேட்டால் உதவி. தளம் போட்டபின் கேட்டால் பகை.

3. மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 போன்ற கிராம சபை நாட்களில் அனுமதி பெற்ற வீடுகளின் பட்டியலைப் படிக்கச் செய்க. சுயசான்று முறையைத் தெளிவாக எடுத்துச் சொல்க.

4. உறவினருக்கு ஒரு விதி, காலனியில் குடியிருப்போருக்கு ஒரு விதி என்று இருத்தலாகாது. தலைவரின் பங்காளி வீட்டுத் திண்ணை தெருவில் நிற்கும்போது, ஏழையின் படியை இடிக்கச் சொல்லும் வாய் எவருக்கும் இராது.

5. உரிய காகிதங்களோடு வந்தவரை அலைக்கழித்தல் கூடாது. இரண்டு முறை அலைந்தவர் மூன்றாம் முறை அனுமதி கேட்காமலே கட்டிவிடுவார். அந்தக் குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு.

முடிவுரை

விவசாயி விதைப்பதற்கு முன் வரப்பைப் பார்க்கிறார். வரப்பு கோணலாயிருந்தால் விதைத்தபின் திருத்த முனைவதில்லை. முன்பே வெட்டிச் சீர் செய்கிறார். வயலில் ஒரு போகத்துக்காக எடுத்துக்கொள்ளும் அக்கவனத்தை, இரண்டு மூன்று தலைமுறை நிற்கவேண்டிய வீட்டுக்கு எடுத்துக்கொள்ளல் ஆகாதா?

படியை இடித்த அந்த உரிமையாளர் இப்போது வீட்டுக்குள்ளேயே படி அமைத்துக்கொண்டார். செலவு இரட்டித்தது. இன்று அத்தெருவில் எவரேனும் முளை அடித்தால் முதலில் வந்து நிற்பவர் அவர்தாம். கையில் நாடாவும் இருக்கும். அவர் கேட்ட கேள்வியை வேறு எந்த ஊரிலும் எவரும் நம்மைப் பார்த்துக் கேட்க நேராதபடி, பஞ்சாயத்தாரும் பொதுமக்களும் அலுவலர்களாகிய நாமும் வாணம் தோண்டும் நாளிலேயே நம் கடமையைச் செய்வோமாக.